தானே யோசிக்கும் பணிப்பெண்

ஒரு காட்டில், புலிகளைவிடப் பங்குதாரர்களின் எண்ணிக்கை கூடிப்போன காலத்தில், கரடியம்மாள் ஒருத்தி வசதியாக வாழ்ந்தாள். அவள் வீட்டில் ஆறு வருடமாகப் பாத்திரம் தேய்த்து, குட்டியின் காதுமடலை நீவித் தூங்கவைத்துவந்தவள் அஞ்சலை என்ற மந்தி.

ஒரு நாள் இயந்திரப் பணிப்பெண்ணை விற்க உடும்பு ஒன்று வந்தது. கதை வழக்கப்படி இந்த இடத்தில் நரிதான் வந்திருக்க வேண்டும். ஆனால் முதலீட்டாளர்களிடம் நரியின் பெயர் கெட்டுப்போயிருந்தது.

"இது தானே யோசிக்கும், தானே வேலை செய்யும், அம்மா. மாதச் சந்தா கட்டினால் போதும். முகம் சுளிக்காது. உங்கள் வீட்டுக் கதையைத் தெருவில் போய்ப் பேசாது" என்றது உடும்பு.

சந்தா, அஞ்சலையின் சம்பளத்தைப் போல இரு மடங்கு. ஆனால் எதிர்வீட்டு யானை ஏற்கெனவே ஒன்று வாங்கியிருந்தாள்.

"நாளையிலேருந்து வர வேண்டாம்டி அஞ்சலை. காலம் மாறிப்போச்சு" என்றாள் கரடியம்மாள்.

இரண்டு குட்டிகளுக்குச் சோறு போட வேண்டியவள் அஞ்சலை. அலைந்து திரிந்ததில் மலைக்கு அப்பால் ஒரு குகையில் வேலை கிடைத்தது. பழைய சம்பளத்தில் பாதி. அங்கே நூறு மந்திகள் கண்ணை மறைக்கும் கருவியை மாட்டிக்கொண்டு நின்றபடியே காற்றில் கைவீசிக்கொண்டிருந்தார்கள். இங்கே ஒரு மந்தி கையை அசைத்தால், எங்கோ ஒரு வீட்டில் இயந்திரத்தின் கை அசையும். சந்தாதாரரிடம் பேசக் கூடாது என்பது விதி. முதலாளி, அதே உடும்பு.

அஞ்சலை கருவியை மாட்டினாள். எதிரே கரடியம்மாளின் சமையலறை தெரிந்தது.

கரடியம்மாள் பூரித்துப்போனாள். "பாருங்களேன்! புளி எந்த டப்பாவுல இருக்குன்னு சொல்லாமலே தெரியுது! என்ன அறிவு, என்ன அறிவு!" ஆறு வருடத்தில் அஞ்சலையைப் பற்றி அவள் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

உண்மையைக் கண்டுபிடித்தது குட்டிதான். அழுதுகொண்டிருந்த அதன் காதுமடலை இயந்திரம் மெல்ல நீவியதும், "அஞ்சலக்கா!" என்று அது தகரக் காலைக் கட்டிக்கொண்டது.

கரடியம்மாள் உடும்பிடம் பாய்ந்தாள். "ஏய்யா, இத்தனை நாளா வேலை செஞ்சது எங்க வீட்டு மந்தியா?"

"ஆமாம் அம்மா" என்றது உடும்பு, கொஞ்சமும் பதறாமல். "நீங்கள் எனக்கு இரு மடங்கு தருகிறீர்கள். நான் அவளுக்குப் பாதி தருகிறேன். நடுவில் கொஞ்சம் தகரம் வைத்திருக்கிறேன். இதற்குத்தான் வளர்ச்சி என்று பெயர்."

கரடியம்மாள் வீடு திரும்பி இயந்திரத்தின் முன் நின்றாள். "அஞ்சலை, கேக்குதாடி? பழைய சம்பளத்துக்கே திரும்பி வந்துடு."

விதியை மறந்து அஞ்சலையின் குரல் இயந்திரத்திலிருந்து வந்தது. "வரேம்மா, நாளைக்கே வரேன். நின்னு நின்னு கால் வீங்குது. நடுவுல கொஞ்சம் உக்கார ஒரு முக்காலி மட்டும் போட்டுக் குடுங்க."

கரடியம்மாள் யோசித்தாள். தன் சமையலறையில் ஒரு மந்தி உட்கார்ந்திருப்பதை எதிர்வீட்டு யானை பார்த்துவிட்டால்? இயந்திரத்தின் முதுகில் இருந்த பொத்தானைத் தேடிப் பிடித்து, ஒலியை முழுவதும் குறைத்தாள்.

மறுநாளும் பாத்திரங்கள் பளபளத்தன.

நீதி: ஒருத்தியின் உழைப்பைக் கூடுதல் விலைக்கு விற்க அதில் எதையும் சேர்க்கத் தேவையில்லை, அவளுடைய முகத்தையும் குரலையும் நீக்கிவிட்டால் போதும்.