சமையலறைச் சுவரில் ஒரு சிவப்பு

"சுவர் சிவப்பா தெரியுதுங்களே," என்றார் சசிதரன்.

செலஸ்டினுக்குச் சுவரே தெரியவில்லை. மேல் ரோட்டில் இருவரும் நின்றிருந்தார்கள். கீழே சரிவில் இருந்த செலஸ்டினின் லாட்ஜைக் குன்னூர் மூடுபனி முழுதாக விழுங்கியிருந்தது. நகராட்சி ஆய்வாளர் சசிதரனின் சூடு பார்க்கும் கேமராவில் மட்டும் கட்டடம் தெரிந்தது. நீலம் என்றால் குளிர், சிவப்பு என்றால் சூடு. சூடு கசியும் கட்டடம் மின்சாரத்தையும் விறகையும் வீணாக்கிக் காற்றைக் கெடுக்கிறதாம். புது விதிப்படி அதற்கு உரிமம் கிடையாது. சீசனோ வந்துவிட்டது. உரிமம் போனால் பிழைப்பே போய்விடும் என்பது செலஸ்டினின் கவலை.

"சமையக்கட்டோட பின்சுவருங்க. அடுப்பு எரியுதுங்களா?"

செலஸ்டின் சமையல்கார அங்கம்மாவுக்குப் போன் போட்டார். "அடுப்பை அணைச்சிரு!"

"பொரியலுக்குக் கோஸ் அரிஞ்சு வெச்சிருக்கேனுங்களே?"

"பின்னாடி கொட்டு!"

"அத்தனையுமுங்களா?"

"அத்தனையும்!"

சசிதரன் மறுபடி பார்த்தார். "இப்ப ரெண்டு சிவப்புங்க."

செலஸ்டின் மறுபடி போனைக் காதில் வைத்தார். அடுப்பை அணைத்தால் சூடு குட்டி போடுமா?

"கீசரையும் அணை. ரூம் கம்பளியெல்லாம் எடுத்துப் பின்செவுத்துல உள்பக்கமா மாட்டு. ஒரு பொட்டுச் சூடு வெளிய போகப்படாது."

"அங்க கோஸ் மூட்டை கெடக்குதுங்களே."

"அதையும் வெளிய தள்ளு அங்கம்மா! எதுவும் கேக்காதே, சொன்னதைச் செய்!"

இப்போது மூன்று சிவப்பு. அதில் ஒன்று மெல்ல இடப்பக்கம் நகர்ந்தது.

"சூடு நடக்குதுங்களே!" என்று சசிதரன் கேமராவைத் துடைத்தார், தட்டினார், தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார். "பயிற்சில இதைச் சொல்லித் தரலீங்க."

"பழைய செவுருங்க. வெள்ளைக்காரன் கட்டுனது," என்றார் செலஸ்டின், என்ன சொல்கிறோம் என்று தெரியாமலேயே.

"சரி, நானே போயி கையை வெச்சுப் பாத்துர்றேன்."

சசிதரன் படியிறங்கிப் பனிக்குள் மறைந்தார். ஐந்து நிமிடம் சுவர் ஆறியிருந்தால் போதும் என்று செலஸ்டின் மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டார். அதுவும் சூடுதானே என்று உடனே பயந்தார்.

போன் அடித்தது.

"ஐயா, மூட்டைக் கோஸும் தீந்துபோச்சுங்க. மூணு காட்டெருமையும் செவுத்துல முதுகை ஒரசிக்கிட்டு இன்னும் அங்கயேதான் நிக்குதுங்க. சாருக்கு டீ வெக்கறதுக்காச்சும் அடுப்பைப் பத்த வெக்கட்டுங்களா?"