பஞ்சாயத்துக்கு நான் போட்ட பூட்டு

தன் புத்திசாலித்தனத்தின் மேல் அளவுக்கு மீறி நம்பிக்கை வைத்தவர்களுக்குத் தனியாக ஒரு எதிரி தேவையில்லை. எனக்கு அந்த நம்பிக்கை கொஞ்சம் தூக்கல். இருக்காதா பின்னே? எங்கள் வம்சத்திலேயே பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். ஏறியதோடு நிற்காமல் கம்ப்யூட்டரில் பட்டமும் வாங்கி, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கேரளத்துக்குள், வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் ஒரு பஞ்சாயத்து அலுவலகத்தில் தொழில்நுட்ப உதவியாளராகவும் உட்கார்ந்துவிட்டேன். (தற்காலிகம்தான். மாட்டுச் சந்தையில் அப்பா என் பெருமையைப் பரப்பும்போது அந்த ஒரு வார்த்தையை மட்டும் மென்று விழுங்கிவிடுவார்.)

அந்த வருடம் பஞ்சாயத்துக் கோப்புகளையெல்லாம் அரசாங்கக் கிளவுடுக்கு மாற்றச் சொன்னார்கள். கிளவுட் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நம் அலமாரியில் இருப்பதை எங்கோ தொலைவில் உள்ள பெரிய கம்ப்யூட்டர்களில் வைத்துவிட்டு, இணையம் வழியாகத் திறந்து பார்ப்பது. ஊராரின் பென்ஷன், வரி, பிறப்பு, இறப்பு எல்லாம் அதில் இருப்பதால் நிபந்தனைகளும் கடுமை. தகவல் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது. ஆளுக்கொரு பாஸ்வேர்டு, அதற்கு மேல் போனுக்கு வரும் எண். யார், எப்போது, எங்கிருந்து திறந்தார் என்பது பதிவாக வேண்டும். எங்கிருந்தெல்லாம் திறக்கலாம் என்பதை மட்டும் அந்தந்த அலுவலகமே முடிவு செய்துகொள்ளலாம்.

‘இந்தியா’ என்று போட்டிருந்தால் போதும். நான் ‘கேரளம் மட்டும்’ என்று போட்டேன்.

“அவ்வளவு இறுக்கம் வேணுமா கௌசல்யா?” என்று கேட்டார் செக்ரட்டரி ராதாமணி மேடம்.

“பாதுகாப்புல விட்டுக்கொடுக்கவே கூடாதுங்க மேடம்.” (அப்போது என் தலை இருந்த கோணத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கே ஒரு குட்டு வைக்கத் தோன்றுகிறது.)

பரிசோதிக்கத் திருவனந்தபுரத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார்; பாதி மலையாளம், பாதி தமிழ் பேசுகிறவர். அவர் கையெழுத்துப் போட்டால் என் வேலை நீட்டிக்கப்படும். போடாவிட்டால் அந்த நாற்காலிக்கு வேறு ஆள். அன்று மாட்டுச் சந்தை நாள். அவர் டீயை வாயில் வைப்பதற்குள், முக்கில் திரும்பிய வைக்கோல் லாரி ஒன்று எங்கள் இணையக் கம்பியை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

“ஒண்ணும் கவலைப்படாதீங்க சார்” என்று என் போனிலிருந்து லேப்டாப்புக்கு இணைப்புக் கொடுத்தேன். பாஸ்வேர்டைத் தட்டினேன். திரை சிவந்தது. அதே நொடியில் என் போனுக்கு ஓர் எச்சரிக்கை: தமிழ்நாட்டிலிருந்து யாரோ உங்கள் கோப்புகளைத் திறக்க முயன்றார். தடுக்கப்பட்டது.

எனக்குப் புல்லரித்துவிட்டது. எழுந்தே நின்றேன்.

“பாருங்க சார்! நீங்க வந்திருக்கற நேரத்துலயே திருடன் வந்துட்டான். ஆனா உள்ள நுழைய முடியல பாத்தீங்களா?”

மறுபடி தட்டினேன். மறுபடி எச்சரிக்கை. “விடமாட்டேங்கறான் சார்! பயங்கரமான ஆளு!” இன்னொரு முறை தட்டினேன்.

ராதாமணி மேடம் மெதுவாகச் சொன்னார்: “கௌசல்யா, நீ தட்டறப்பெல்லாம்தான் அவனும் தட்டறான்.”

அதிகாரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையில் குனிந்தார். திருடனைப் பற்றிய விவரம் கீழே தெளிவாக இருந்தது.

“ஆராணு இந்தக் கௌசல்யா?”

எங்கள் எல்லைப்புறத்தில் நடக்கிற பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. ஆள் இருப்பது கேரளத்தில், போன் டவர் எடுப்பது தமிழ்நாட்டில். தோட்டத்தின் இந்தக் கோடியில் நின்றால் ஒரு மாநிலத்து டவர் எடுக்கும், அந்தக் கோடியில் நின்றால் இன்னொன்று. சட்டம் போட்ட மேதைக்கு மட்டும் அது மறந்துவிட்டது.

உள்ளே திறந்து பார்க்காமல் கையெழுத்துப் போட முடியாது என்றார் அதிகாரி. ஆகவே டவரைத் தேடி ஊர்வலம் கிளம்பியது. முன்னால் நான், விரித்த லேப்டாப்பை ஆரத்தித் தட்டு போல ஏந்திக்கொண்டு. பின்னால் அதிகாரி, மேடம். வழியோ சந்தைக்குள்.

துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்த அப்பா, பேரத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தார்.

“ஏனுங்க சார், என்ற புள்ளய எங்கீங்க கூட்டிட்டுப் போறீங்க?”

“கேரளாவுக்குங்கண்ணா” என்றார் மேடம்.

“இது கேரளாதானுங்களே?”

“அத உங்க மக கம்ப்யூட்டருக்குச் சொல்லாம உட்டுட்டாளுங்க.”

அப்பா என் முகத்தைப் பார்த்தார். “வேல போயிருமா அம்மணி?”

அதுவரை எனக்கு அழுகை வரவில்லை. அப்போது வந்தது. லேப்டாப்பை ஏந்தியபடியே நடந்தேன். பின்னாலேயே அப்பா வந்தார்; அவர் கயிற்றைப் பிடித்திருந்ததால் விலை படியாத அந்த மாடும் வந்தது.

சந்தை தாண்டி, தென்னந்தோப்பு தாண்டி, ஒரு வாய்க்கால் பாலத்தில் போன் ஒருவழியாகக் கேரளத்துக்குத் திரும்பியது. கோப்புகள் திறந்துகொண்டன. அதிகாரி பாலத்துச் சுவரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பதிவேட்டில் என் படையெடுப்புகள் வரிசையாகச் சிவந்து கிடந்தன. மாடு அவர் தோளை முகர்ந்தது. அவர் அசையவில்லை.

கடைசியில் சிரித்துவிட்டார்.

“சில ஆபீஸ்ல பாஸ்வேர்டை எழுதி மானிட்டர்ல ஒட்டி வச்சிட்டுண்டு. இங்க பூட்டு போட்ட ஆளுக்கே தொறக்கலை. இதுக்கு மேல எந்தா பாதுகாப்பு வேண்டது?”

அந்தப் பாலத்திலேயே கையெழுத்துப் போட்டார். அலுவலகத்துக்கு இரண்டாவதாக ஒரு கம்பி இணைப்பும் வாங்கச் சொன்னார். வாங்கினோம். ‘கேரளம் மட்டும்’ என்பதை நான் இன்றுவரை மாற்றவில்லை. நல்ல பூட்டை எதற்கு மாற்ற வேண்டும்?

இப்போது எனக்கு வரன் பார்க்கிறார்கள். மாப்பிள்ளைக்கு என்ன வேலை, எத்தனை ஏக்கர் என்றெல்லாம் அப்பா கேட்பதில்லை. போன மாதம் கிணத்துக்கடவுப் பக்கமிருந்து வந்தவர்கள் காபித் தம்ளரைக் கீழே வைப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

“ஏனுங்க, உங்க ஊட்டுல எந்த டவருங்க எடுக்குது?”

“தமிழ்நாட்டு டவர்தானுங்க. ஏனுங்க?”

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“அப்பச் சரிப்படாதுங்க. உங்க ஊட்டுக்கு வந்தா என்ற புள்ள திருடியாயிருவாளுங்க.”