பத்து சதவீத இரும்பு

அன்பிலும் அதட்டலிலும் குறை வைக்காத அக்காவுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அவளும் நலம். மாமனாரும் நலம் என்று இன்றைக்கு எழுத முடிகிறது. போன வாரமாக இருந்தால் பேனா தயங்கியிருக்கும். அங்கே அத்தானின் முழங்கால் வலியும் பேத்தியின் ஆடும் பல்லும் எந்த நிலையில் இருக்கின்றன என்று எழுதவும்.

பேத்திக்குச் சத்துச் சேர்த்த பிஸ்கட், சிப்ஸ் எல்லாம் வாங்கித் தரலாமா, "நீதான் நாள் பூரா லேபிள் படிக்கிறவனாச்சே" என்று கேட்டிருந்தாய். உண்மைதான். இருபத்தாறு வருஷமாக அச்சகத்தில் பாக்கெட் உறைகளுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். ஒற்று மிகுந்தால் எனக்குத் தூக்கம் வராது. ஆனால் சொற்பிழை பார்க்கிற கண்ணுக்குப் பொருட்பிழையும் தெரிய வேண்டும் என்று சட்டமா என்ன? நடந்ததைச் சொல்கிறேன், அதற்குப் பிறகும் என்னிடம் யோசனை கேட்பாயா என்று பார்.

இரண்டு மாதத்துக்கு முன் அச்சகத்தில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், எனக்கு இரும்புச்சத்து போதாது என்று வந்தது, "கீரை, பருப்பு, முட்டை நல்லா சேர்த்துக்கங்க" என்று சொன்னார்கள். கீரையைக் கண்டால் நான் சின்ன வயதில் எப்படி ஓடுவேன் என்று உனக்குத் தெரியும், இப்போதும் ஓடத்தான் ஆசை, மூச்சு வாங்குகிறது. அந்த வாரமே என் மேசைக்கு ஒரு பிஸ்கட் உறை மெய்ப்புக்கு வந்தது. 'இரும்பும் எட்டு வைட்டமின்களும் சேர்த்தது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கடவுளே மெய்ப்பு அனுப்பிவைத்த மாதிரி இருந்தது. நான்கு பிஸ்கட்டில் ஒரு நாளைக்கு வேண்டிய இரும்பில் பத்து சதவீதம் என்று பொடி எழுத்தில் இருந்தது. அப்படியானால் நாற்பது தின்றால் முழு இரும்பு. நாற்பது பேராசை என்று இருபதோடு நிறுத்தி, என் தன்னடக்கத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பிறகு எலும்புக்குக் கால்சியம் வேஃபர், தசைக்குப் புரதச் சிப்ஸ் என்று மேசை இழுப்பறை மருந்துக்கடை ஆகிவிட்டது. மாத்திரை முழுங்குகிற முகத்தோடுதான் தின்றேன், யாரும் ருசிக்காகத் தின்கிறேன் என்று நினைத்துவிடக் கூடாதல்லவா. வீட்டில் சோற்றில் கை வைப்பதில்லை. "குப்பையில குண்டுமணி கெடக்குன்னு குப்பையையே திம்பீங்களா?" என்று கேட்டாள் அவள். பதிலுக்கு உறையை நிறுத்தற்குறிகளோடு வாசித்துக் காட்டினேன். அவள் தையல் வேலை செய்கிறவள், வாதாடவில்லை, என் கால்சட்டையைக் கொண்டுவந்து முன்னால் போட்டு, "இடுப்புல ரெண்டு தடவை பிரிச்சு விட்டாச்சு. இனிமே விட துணி இல்ல" என்றாள்.

என்னோடு போயிருந்தால் பரவாயில்லை. மாமனார் எண்பதை நெருங்குகிறவர், பதினைந்து வருஷமாகச் சர்க்கரை வியாதியோடு குடித்தனம் நடத்துகிறவர். ஒரு மாலை என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது என்ன மாப்பிள்ளை?"

"சத்து பிஸ்கட், மாமா."

"எனக்கு ஆகுமா?"

நான் உறையைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பிழைகூட இல்லை. "தாராளமா" என்று இரண்டு கொடுத்தேன். மறுநாளிலிருந்து தினமும் இரண்டு.

போன ஞாயிறு மத்தியானம் குளியலறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். வாய் உலர்ந்து, பேச்சுக் குழறியது. அள்ளிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சர்க்கரை நானூற்றுப் பத்து. "இவருக்கு என்ன குடுத்தீங்க?" என்றார் டாக்டரம்மா. "சத்தான ஆகாரம்தான்" என்று சட்டைப்பையிலிருந்த உறையை எடுத்து நீட்டினேன்.

"என்னென்ன சேர்த்திருக்குங்கிற இந்தப் பட்டியலை எந்த வரிசையில எழுதுவாங்க, தெரியுமா சார்?"

தெரியும் அக்கா. எடை அதிகமானது முதலில். தொழிலே அதுதான்.

"அப்ப படிங்க."

படித்தேன். மைதா, சர்க்கரை, எண்ணெய் என்று போய், உப்பும் மணமூட்டியும் தாண்டி, கடைசி வரியில் ஒண்டிக்கொண்டிருந்தது இரும்பு. சர்க்கரைக்கு ஒற்று சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தவன், அது ஏன் இரண்டாவது இடத்தில் நிற்கிறது என்று பார்க்கவில்லை.

"இரும்பு பொய்யில்ல சார். கூட வந்த சர்க்கரையும் பொய்யில்ல. எப்பவாவது பிஸ்கட் திங்கணும்னு தோணினா, சாதாரணதை விட்டுட்டு சத்து சேர்த்ததை எடுங்க. சத்து வேணும்னு பிஸ்கட்டை எடுக்காதீங்க" என்றார்.

வெளியே பெஞ்சில் அவள், அப்பாவின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். உள்ளே அவருக்கு மருந்து ஏறிய இரண்டு மணி நேரம் நான் எதையும் படிக்கவில்லை, சுவரில் இருந்த அறிவிப்பைக்கூட.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இழுப்பறையைக் காலி செய்துவிட்டேன். இப்போது நான் கீரை தின்பதைப் பார்த்தால் ஆடு என்னைத் தன் பங்காளி என்று சொல்லும். பேத்திக்கு டாக்டரம்மா சொன்னதையே சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே, மதிக்கமாட்டாள்.

அத்தானுக்கு என் வணக்கம், குழந்தைக்கு ஆசி. வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், லேபிள் படிக்காமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
மாமனாரைப் படுக்கவைத்த பாவி,
உன் தம்பி

பின்குறிப்பு: அம்மா, எழுதுவது அந்த மாமனார்தான். தபாலில் போடச் சொல்லி மாப்பிள்ளை இதை என்னிடம் கொடுத்தார். உறை சரியாக ஒட்டவில்லை, ஒட்டப்போனவன் படித்துவிட்டேன். மனம் கேட்கவில்லை. அவர் கொடுத்த இரண்டு பிஸ்கட்டில் யாருக்கும் நானூறு ஏறாது. காலையில் நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தெருமுனைக் கடை வாசலில் நின்று நான் தின்றதெல்லாம் கிரீம் வைத்த ரகம், நாளுக்கு ஒரு பாக்கெட். அதில் எந்தச் சத்தும் சேர்த்ததாகப் போடவில்லை. ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருப்பேன், மகளின் முகத்தைப் பார்த்ததும் நா எழவில்லை. இப்போது என்னவென்றால், மாப்பிள்ளை தினமும் சாயங்காலம் என் காலைப் பிடித்துவிடுகிறார். நல்ல கைப்பக்குவம். இன்னும் ஒரு வாரம் போகட்டும், நானே சொல்லிவிடுகிறேன். அதுவரை பதில் போட வேண்டாம்.