முடிவை முதலில் சொல்லும் கிளைமாக்ஸ் பாய்

பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரை உலக சினிமா பார்க்கிற ஒரு ஆளைக் காட்டுங்கள், அவர் கிளைமாக்ஸ் பாயிடம் கெட்டுப்போனவராகத்தான் இருப்பார். இந்த வட்டாரத்தில் கொரியப் படத்துக்கும் போலந்துப் படத்துக்கும் ஆள் சேர்த்தவர் அவர். அப்படிச் சேர்ந்தவர்கள் எல்லாம் அவர் தலையைக் கண்டதும் லிஃப்டை விட்டுவிட்டுப் படிக்கட்டில் ஓடுவதற்கும் அவரேதான் காரணம்.

பூந்தமல்லி கடைத்தெருவில் அவருக்கு மெத்தைக் கடை. வீடு பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் எங்கள் அடுக்ககத்தில், எனக்கு நேர் கீழே. மெத்தை வாங்கப் போய்த்தான் நான் மாட்டினேன். படுத்துப் பார்க்கச் சொன்னார். படுத்தேன். தலைமாட்டில் நின்று என் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தை டாக்டர் மாதிரி ஆராய்ந்துவிட்டு, ஒரு கொரியப் பேய்ப்படத்தைச் சிபாரிசு செய்தார். வாடகை வீடு. தனியாக ஒரு பியானோ டீச்சர். இருட்டினால் சுவருக்குள்ளிருந்து யாரோ தட்டும் சத்தம். மெத்தை நல்ல மெத்தைதான், ஆனாலும் எனக்கு முதுகு சில்லிட்டது. பேயை நக்கலடித்து நிறையக் கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். குளியலறை விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கியது மட்டும் இல்லை.

"தட்றது யாருன்னு பயப்படாதீங்க சார். அவ தங்கச்சிதான். எப்பவோ செத்துட்டா. டீச்சருக்கு ஒண்ணும் ஆவாது" என்றார் பாய். சொல்லிவிட்டு என் காதோரம் மெத்தையை இரண்டு தட்டு தட்டினார்.

அந்த இரண்டு தட்டுக்கு அர்த்தம் உண்டு. படம் நல்லபடியாக முடியும் என்றால் இரண்டு தட்டு. மோசமாக முடியும் என்றால் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைப்பார். அவர் கைக்குட்டையை எடுத்தாலே கடைப் பையன்கள் 'ஹீரோ காலி' என்பார்கள்.

முடிவைச் சொன்ன பிறகு எதற்குப் படம் பார்க்க வேண்டும் என்று எரிச்சலோடு கேட்டேன்.

"பயந்துகினு பாத்தா படம் எங்க சார் தெரியும்? எப்போ வரும், எப்போ வரும்னு கதவையே பாத்துகினு இருப்பீங்க. முடிவு தெரிஞ்சிட்டா டீச்சர் மூஞ்சியப் பாப்பீங்க."

எந்தப் படமானாலும் கடைசிப் பத்து நிமிடத்தை முதலில் பார்த்துவிட்டுத்தான் அவர் ஆரம்பத்துக்கே போவார். இது ஏதோ கலைக் கொள்கை என்று கொஞ்ச நாள் நினைத்திருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, மனிதர் சரியான பயந்தாங்கொள்ளி. படிக்கட்டில் பல்லி இருந்தால் அது சொந்த வேலையாகப் போகும்வரை கீழேயே நிற்பார். எங்கள் அடுக்ககத்தில் தடுப்பூசி போட வந்தபோது, முன்னால் நின்றவர் கையில் ஊசி இறங்கியதைப் பார்த்தே மயங்கி விழுந்தார். அவருக்குப் பின்னால் நின்றிருந்த நான், அவர் விழுந்ததைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு நெருக்கம்.

ஒருமுறை அடுக்ககத்து ஐ.டி. பையன்கள் சேர்ந்து அசோசியேஷன் ஹாலில் ஒரு டென்மார்க் கொலைப்படம் போட்டார்கள். பாய் வாயே திறக்கக் கூடாது என்று நிபந்தனை. அரை மணி நேரம் உதட்டை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் தோட்டக்காரன் கத்தியைக் கழுவினான். முன் வரிசையில் ஒரு பெண் முகத்தை மூடிக்கொண்டாள். பாயால் அதைத் தாங்க முடியவில்லை.

"அவன் இல்லம்மா. அத மட்டும் சொல்லிடறேன். நீ கைய எட்த்துட்டுப் பாரு."

மிச்சப் படம் முழுக்க, அப்படியானால் யார் என்று ஹாலே அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. திரையை யாரும் பார்க்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து படம் போடுகிற விஷயம் அவருக்கு மட்டும் தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள்.

எனக்கு அந்த வசதி இல்லை. கொரியப் படத்தை நான் பார்த்தேனா இல்லையா என்று வாசலில் நின்று கேட்பார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், எல்லா ஜன்னலையும் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். தங்கச்சிதான் தட்டுகிறாள் என்று தெரிந்திருந்ததால் ஒவ்வொரு தட்டலுக்கும் அந்த டீச்சரின் முகம் எப்படி மாறுகிறது என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவில் கண் கலங்கிவிட்டது. பாயிடம் 'சுமார்' என்று சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் என் மனைவி வசந்திக்கு மார்பில் ஒரு கட்டி. ஆபரேஷன் செய்து எடுத்து, அங்கேயே சோதித்து, கெட்டதா இல்லையா என்பதை உடனே சொல்லிவிடுவதாக டாக்டர் சொன்னார். வசந்தி, ஆட்டுக்கல்லைக் கூடப் பயமில்லாமல் தூக்குகிறவள், பையில் துணியை மடித்து வைத்துக்கொண்டு அமைதியாகக் கிளம்பினாள். நான் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றேன். வருகிறேன் என்ற வாடகைக் கார் வரவில்லை. பாய் தன் மெத்தை வண்டியை எடுத்தார். வசந்தி முன்னால், அவர் பக்கத்தில். நான் பின்னால், மெத்தைகளோடு. அம்பத்தூர் போய்ச் சேரும்வரை ஒரு மெத்தையைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரி வாசலோடு பாய் கிளம்பியிருக்கலாம். அந்த வாடையே அவருக்கு ஆகாது. ஆனாலும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தாழ்வாரம் வரை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஆபரேஷன் தியேட்டர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் படம் எதுவும் சொல்லவில்லை. அதுவே எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

கதவு திறந்தது. வசந்தியின் ஆள் யார், டாக்டர் கூப்பிடுகிறார் என்றாள் நர்ஸ். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே எதுவும் இல்லை.

பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துப் பையில் வைத்தார்.

"நீங்க குந்துங்க சார். முடிவ நான் பாத்துட்டு வரேன்."

நர்ஸ், நீங்கள் யார் என்று கேட்டாள். "அண்ணன்" என்றார். அவள் அவருடைய குல்லாவைப் பார்த்தாள், தாடியைப் பார்த்தாள், கையிலிருந்த தாளில் வசந்தியின் பெயரைப் பார்த்தாள். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு வழிவிட்டாள். ஊசியைப் பார்த்து விழுகிற மனிதர், சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே போனார்.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கதவையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது. வந்ததும் பையில் கைவிட்டுக் கைக்குட்டையை எடுத்தார். நெற்றியைத் துடைத்தார்.

நான் அங்கேயே செத்தேன்.

வியர்வையைத்தான் துடைத்திருக்கிறார் பாவி. என் முகம் போன போக்கைத் தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்தே அவர் கவனித்துவிட்டார். கையிலிருந்த துணியைப் பார்த்தார். பாம்பைப் பிடித்தவர் மாதிரி உதறிப் போட்டார். தட்டுவதற்கு எதையாவது தேடினார். பக்கத்தில் ஒரு காலி ஸ்ட்ரெச்சர் நின்றிருந்தது. அதன் மேலிருந்த மெல்லிசு மெத்தையை இரண்டு தட்டு தட்டினார்.

என் கால் திரும்பி வந்தது. ஓடிப் போய் அவரைப் பிடிப்பதற்குள் அந்த ஸ்ட்ரெச்சரிலேயே சாய்ந்துவிட்டார். வெறும் கொழுப்புக் கட்டியாம், டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னாராம். இதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். நர்ஸ் தண்ணீர் கொண்டு வந்து தெளித்தபோது ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"பஞ்சு சரியில்ல சார் இதுல" என்றார்.

வசந்தி தேறி வீட்டுக்கு வந்து, இப்போது பழையபடி என்னை அதட்டிக்கொண்டிருக்கிறாள். பாய் இன்னமும் வாசலில் நின்று படம் சொல்கிறார். நேற்றுக்கூட ஒரு போலந்துப் படம். மூடுபனியில் ரயில் நின்றுவிடுகிறதாம், பெட்டிக்குள் ஒரு கிழவர், அவர் மடியில் ஏதோ ஒரு மூட்டை. சொல்லிக்கொண்டே வந்தவர், நான் கோபித்துக்கொள்வேனோ என்று பாதியில் நிறுத்தினார்.

முடிவைச் சொல்லுங்கள் பாய் என்றேன். கதவை இரண்டு தட்டு தட்டிவிட்டே சொல்லுங்கள் என்றேன்.