நிற்பவருக்குள்தான் தலைவர்

ஏலோன் என்றொரு நாடு இருந்தது. படையைத் திரட்டச் சட்டம் எழுதிய அதன் முன்னோர், படையைக் கலைக்கவும் கூடவே ஒரு சட்டம் எழுதி வைத்தார்கள். அவர்களுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். போருக்குப் புறப்படும் காலையில் முரசறைவோன் அணிகளுக்கு முன் நின்று கூவுவான்: "புது வீடு கட்டிக் குடிபோகாதவன் திரும்பிப் போகட்டும். திராட்சை நட்டுப் பழம் தின்னாதவன் போகட்டும். பெண்ணை நிச்சயித்து மணம் முடிக்காதவன் போகட்டும். பயந்தவனும் போகட்டும், அவன் நடுக்கம் அடுத்தவனுக்குத் தொற்றும். போனவர் போக, நிற்பவருக்குள் தலைவரைத் தேர்ந்துகொள்ளுங்கள்!"

கடவுள் கூட்டத்தை எண்ணுவதில்லை, நெஞ்சைத்தான் பார்க்கிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. பின்னால் வந்த மன்னர்களுக்குக் கூட்டம்தான் பிடித்தது. தலைவர்களை அரண்மனையிலேயே நியமித்தார்கள். கடைசி வாக்கியத்தைக் கூவும் வழக்கம் நின்றுபோனது. அதைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஏபேர் முரசறைவோனாக இருந்த காலத்தில், பக்கத்து நாட்டு அரசன் ஏலோன் மன்னரின் புதுத் தேரைப் பார்த்துச் சிரித்துவிட்டான். போர் மூண்டது. படைத்துறை அமைச்சர் சிம்ரோன் சட்டத்தைச் செம்மைப்படுத்தினார்.

"ஆயிரம் கொடிகளுக்குக் குறைந்தது திராட்சைத் தோட்டம் ஆகாது" என்றார். ஏழைகளின் திராட்சைப் பந்தல்கள் ஒரே காலையில் வெறும் நிழலாகிவிட்டன. "மாடி இல்லாதது வீடு ஆகாது" என்றார். குடிசைக்காரர்கள் வேல் ஏந்திப் படையில் சேர்ந்தார்கள். "நிச்சயித்த பெண் காத்திருப்பாள். காத்திருப்பதே பெண்டிரின் தேசப்பற்று" என்றார். இறுதியாக, "இந்நாட்டில் அச்சம் இன்றுமுதல் ஒழிக்கப்படுகிறது. அச்சத்தைப் பற்றியோ, நாம் அனுமதிக்காத வேறு எதைப் பற்றியோ கூவும் முரசறைவோனின் நாக்கு அறுக்கப்படும்" என்று முடித்தார். அவையினர் கைதட்டினார்கள்.

ஏபேரின் தம்பி அஸ்ரியேலுக்கு அறுவடை முடிந்ததும் கல்யாணம். அவன் முதல் வரிசையில் நிறுத்தப்பட்டான்.

"அண்ணே, கூவுறப்ப என் பக்கம் பாக்காதே. அழுதுடுவேன்."

"பயமா இருக்காடா?"

"பயத்தைத்தான் ஒழிச்சுட்டாங்களே!" என்று சிரித்தான் தம்பி. அவன் கையிலிருந்த வேல் ஆடிக்கொண்டிருந்தது.  சட்டத்தில் உள்ளதைக் கூவாத நாக்கு இருந்து என்ன பயன் என்று ஏபேர் அந்த இடத்திலேயே முடிவு செய்துகொண்டான்.

முதலில், அனுமதிக்கப்பட்டபடியே கூவினான்: "புது மாடிவீடு கட்டிக் குடிபோகாதவர் திரும்பிப் போகட்டும்!"

சிம்ரோன் எழுந்தார். ஆயிரவர் தலைவர்கள் எழுந்தார்கள். நூற்றுவர் தலைவர்கள் எழுந்தார்கள். போர் அறிவித்த கையோடு எல்லோரும் மாடி கட்டத் தொடங்கியிருந்தார்கள். கடைசியாக மன்னரும் எழுந்தார்.

"நமது கோடை அரண்மனையில் இன்னும் பால் காய்ச்சவில்லை. அங்கிருந்தே உங்களை வழிநடத்துவோம். அஞ்சாமல் சாகுங்கள்!" என்று அருளினார்.

தேர்கள் திரும்பின. ஏபேர் முரசை ஓங்கி அறைந்தான்.

"போனவர் போக, நிற்பவருக்குள் தலைவரைத் தேர்ந்துகொள்ளுங்கள்!"

சிம்ரோன் தேரை நிறுத்தினார். "அனுமதியற்ற வாக்கியம்! அவன் நாக்கை அறுங்கள்!"

"சட்டத்துல இருக்குய்யா. நீங்கதான் எடுக்க மறந்துட்டீங்க."

"தலைவர்கள் நாங்கள் இருக்கிறோமே!"

"நிக்கறவங்கதான்யா தலைவரு. நீங்க வீட்டுக்குக் கிளம்பிட்டீங்களே!"

நாக்கை அறுக்க யாராவது வருவார்கள் என்று சிம்ரோன் சுற்றும் பார்த்தார். கத்தி வைத்திருந்தவர்கள் எல்லோரும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை. எங்கோ ஒருவன் சிரித்தான். பிறகு வரிசை முழுவதும் சிரித்தது. தேர் விரைந்து போய்விட்டது.

நின்றவர்கள் தீர்சான் என்ற குயவரைத் தலைவராகத் தேர்ந்தார்கள். அவருடைய முதல் ஆணை, "பழைய வாக்கியம் அத்தனையையும் பழையபடியே கூவு, ஏபேரு" என்பதுதான்.

ஏபேர் கூவினான். இந்த முறை தம்பியைப் பார்த்தே கூவினான். அஸ்ரியேல் அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, கையிலிருந்த வேலைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். பந்தல்காரர்கள் போனார்கள், குடிசைக்காரர்கள் போனார்கள், பயந்தவர்கள் தலைநிமிர்ந்து போனார்கள். எஞ்சியவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களில் ஒருவனுக்கும் நடுக்கமில்லை.

தீர்சான் பக்கத்து நாட்டு அரசனுக்கு ஆள் அனுப்பினார்: "தேரை நாங்களும் இப்போதுதான் நன்றாகப் பார்த்தோம். நீங்கள் சிரித்தது நியாயமே." போர் அத்துடன் முடிந்தது.

அந்தக் கொஞ்சம் பேர் தலைநகருக்குத் திரும்பியபோது, கோடை அரண்மனை மாடியில் மன்னர் நின்றிருந்தார்.

"யாருடைய ஆணையால் திரும்பினீர்கள்?"

"எங்க தலைவரோட ஆணைங்க. நீங்க நிம்மதியா குடியிருங்க. நாட்டை நாங்க பாத்துக்கறோம்" என்றான் ஏபேர்.

மன்னர் கைதட்டிக் காவலரை அழைத்தார். காவலர்கள் வந்தார்கள். ஏபேருக்குப் பின்னாலிருந்து வந்து, அவன் பக்கமே நின்றார்கள்.