‘போச்சு’ அண்ணனும் மாதாவின் வண்டியும்

உலகம் நாளையோடு முடிகிறது என்று காலைச் செய்தியில் சொன்னால், கம்பம் பள்ளத்தாக்கில் ஒரே ஒருவர் மட்டும் ஆச்சரியப்பட மாட்டார். அவர் கூடலூரில் வண்டிகளுக்கு சஸ்பென்ஷன் வேலை பார்க்கும் ‘போச்சு’ அண்ணன். கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டு, “நாந்தான் அப்பவே சொன்னேன்ல” என்பார். பிறகு எல்லோருக்கும் டீ சொல்லுவார்.

பெற்றோர் வைத்த பெயர் பட்டறை போர்டில் இருக்கிறது. பாதியைக் கிரீஸ் மறைத்துவிட்டது, மீதியை யாரும் படித்ததில்லை. எந்த வண்டி வந்து நின்றாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை ‘போச்சு’. காற்றடிக்க வந்த வண்டிக்கும் அதே மரியாதைதான். குமுளியிலிருந்து இறங்கி வரும் ஜீப்காரர்களுக்கு மட்டும் அவர்கள் மொழியிலேயே, “போயி சேட்டா, எல்லாம் போயி” என்பார். அதனால் எல்லைக்கு அந்தப் பக்கம் அவர் ‘போயி’ சேட்டன்.

ஒருமுறை ஒருவர் புதுவண்டி எடுத்துவந்து, அண்ணன் கை ராசி என்று யாரோ சொன்னதை நம்பி, பட்டறை வாசலிலேயே பூஜை போட்டார். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை நகர்த்தினார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு பழம் நசுங்கும் சத்தத்தைக் கேட்டார். “வலது முன்பக்கப் பழம் லேட்டா நசுங்குது. அலைன்மென்ட் போச்சு.” ஷோரூமை விட்டு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத வண்டி. அது மாலையும் கழுத்துமாக நிற்பதைப் பார்த்து அந்த மனிதர் கண்கலங்கிவிட்டார். கொடுமை என்னவென்றால், அலைன்மென்ட் நிஜமாகவே சரியில்லை.

இப்படிப்பட்டவரிடம் நானாகப் போயிருக்க மாட்டேன். போக வைத்தது என் மனைவி ஸ்டெல்லாவின் வேண்டுதல்.

எங்கள் மகளுக்கு நாலு வயதில் இதயத்தில் ஓர் ஆபரேஷன். மதுரையில் தியேட்டர் கதவு மூடியபோது ஸ்டெல்லா மாதாவிடம் வேண்டிக்கொண்டாள். பிள்ளை நல்லபடியாக வீடு வந்தால், அடுத்த திருவிழாவுக்கு மாதா எங்கள் வண்டியில்தான் ஊர்வலம் வர வேண்டும். பிள்ளை வந்தாள். வண்டி என்பது, திராட்சைப் பெட்டி ஏற்றும் எங்கள் பழைய பிக்கப். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தோட்டமும் வண்டியும் ஓய்வு நேரத்தில் என் நிம்மதியைக் கெடுப்பதற்கு.

பங்குச் சாமியார் சம்மதித்தார். ஒத்திகைக்காகச் சப்பரத்தை வண்டியில் ஏற்றிப் பார்த்தோம். பிக்கப்பில் சுமை ஏறினால்தான் நேராக நிற்கும். இல்லாவிட்டால் பின்பக்கம் தூக்கி, மூக்கு குனிந்திருக்கும். மரத்தில் செய்த சொரூபத்துக்குக் கனமே இல்லை. மாதா முன்னால் சாய்ந்து, ரோட்டில் எதையோ தவறவிட்டுத் தேடுவது மாதிரி நின்றார். ஊர் சிரித்தது. ஸ்டெல்லா அழுதாள்.

முன்பக்கத்தைத் தூக்கி வண்டியை மட்டப்படுத்தக் கூடலூருக்குப் போனேன். நான் கதவைத் திறந்து காலைக் கீழே வைப்பதற்குள், “போச்சு” என்றார்.

விஷயத்தை முழுதாகச் சொன்னேன். வேண்டுதல் வரைக்கும்.

“தூக்கிரலாம் வாத்தியாரே. ஆனா இது சரியானா வேற ஒண்ணு போகும். பாப்பா இப்ப எப்படி இருக்கா?”

“நல்லா இருக்காண்ணே.”

“சத்தமாச் சொல்லாதீக!” என்று அதட்டினார். எனக்குக் கோபம் வந்தது. பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று சொல்லக்கூடவா ஒரு மனிதனுக்கு உரிமை கிடையாது?

முன் ஸ்பிரிங்குகளுக்கு மேல் கட்டை கொடுத்துத் தூக்கினார். ரசமட்டம் வைத்துப் பார்த்த மாதிரி வண்டி நேராக நின்றது. அத்தோடு நான் வீட்டுக்கு வந்து படுத்திருக்கலாம். ஆனால் தூக்கிய பிறகு டயர்கள், அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்ட பிள்ளை மாதிரி, மட்கார்டுக்குள் சின்னதாகத் தெரிந்தன. மாதா போகிற வண்டி கம்பீரமாக இருக்க வேண்டாமா? ஸ்கேலை எடுத்து இடைவெளியை அளந்தேன். பெரிய டயர்கள் வாங்கி மாட்டினேன். சக்கரம் என்று ஒன்று இருந்தால் அது திரும்பவும் செய்யும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனைக்கும் வட்டம், நாண், வில் எல்லாம் வருடா வருடம் நான்தான் நடத்துகிறேன்.

எங்கள் ஊரில் கோயில் தெரு முக்கு ஓர் ஊசி வளைவு. ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்தால்தான் வண்டி திரும்பும். ஒடித்தேன். ‘கரக்’ என்றது. டயர் உள்ளே எதிலோ உரசி வண்டி நின்றது.

அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. திருவிழா அன்று அந்த முக்கில் சப்பரம் நின்றால் ஊர் என்ன பேசும் என்று எனக்குத் தெரியும். ‘மாதாவுக்கு இஷ்டமில்லை’ என்பார்கள். அதற்குப் பிறகு ஸ்டெல்லா தூங்கவே மாட்டாள். ஏற்கெனவே தூங்கும் பிள்ளையின் நெஞ்சில் கையை வைத்தபடியேதான் படுத்திருக்கிறாள்.

மறுபடியும் கூடலூர். அண்ணன் டயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ‘போச்சு’ என்றுகூடச் சொல்லவில்லை.

“நீங்க கணக்கு வாத்தியாருதான?”

“ஆமாண்ணே.”

“பிள்ளைக போச்சு.”

சுண்ணாம்பைக் கெட்டியாகக் கரைத்து டயரின் ஓரங்களில் பூசினார். எங்கே உரசுகிறதோ அங்கே வெள்ளை ஒட்டும். “சும்மா நிக்கிற வண்டி பொய் சொல்லும் வாத்தியாரே. எறக்கத்துல பிரேக்கப் போட்டு ஒடிக்கையில மூக்கு அமுங்கும் பாருங்க, அப்பத்தான் உண்மையக் கக்கும்” என்றார். மூக்கை அமுக்க ஆள் வேண்டுமே! எதிர்த்த டீக்கடையில் நின்ற ஜீப் டிரைவர்கள் நாலு பேரைக் கூப்பிட்டு என் வண்டியின் பானெட்டில் ஏற்றினார். அவர் தரையில் படுத்து, காதை இடது சக்கரத்தை ஒட்டி வைத்துக்கொண்டார்.

“ஒடிங்க! லெஃப்ட்ல ஒடிங்க! இன்னும் ஒடிங்க!”

கரக்.

“போச்சு!”

பானெட்டில் இருந்தவர்களில் பெரிய உருவமாக இருந்தவர், “எறங்கிக்கிறவாண்ணே?” என்றார்.

“எறங்குனா எப்படித் தெரியும்? இன்னொரு டீயக் குடிச்சுட்டு, கொஞ்சம் கனமா உக்காருங்கப்பா.”

வெள்ளை ஒட்டிய இடத்தில் தகர மடிப்பைச் சுத்தியலால் அடித்துத் தட்டையாக்கினார். பிளாஸ்டிக்கைச் சூடாக்கி உள்ளே தள்ளினார். மறுபடி சுண்ணாம்பு, மறுபடி நாலு பேர், மறுபடி கரக். இப்படி மூன்று நாள். பானெட்டில் நாலு குழி விழுந்துவிட்டது. நான் நெட்டில் நாலு இடத்தில் படித்துவிட்டு வந்து, “ஒரு போல்ட்டைத் திருகி ஸ்டியரிங் கடைசி வரைக்கும் ஒடியாமப் பண்ணிட்டா ஒரசாதாமேண்ணே” என்றேன்.

“பண்ணலாம். ஒரசாது. கோயில் முக்குலயும் திரும்பாது. அங்கன வச்சு மாதாவ ரிவர்ஸ் எடுப்பீகளா?”

மூன்றாம் நாள் சாயங்காலம் வெள்ளை எங்கேயும் ஒட்டவில்லை. சத்தமும் இல்லை. நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

“இன்னைக்கு ஒரசல, அவ்வளவுதான். திருவிழாவுக்கு வாங்கன்னு கூப்பிட்டுறாதீக. நான் வந்து என்னத்தப் பாக்க? எப்படியும் போகத்தான் போகுது.”

அவர் ஒருவர்தான் என் நிலைமையைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

திருவிழா வந்தது. மாதா நிமிர்ந்து நின்றார். நான் ஓட்ட, ஸ்டெல்லா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டியின் ஓரமாகப் பின்னால் நடந்து வந்தாள். எங்கள் ஊரில் சப்பரத்தின் மேல் உப்பும் மிளகும் வீசுவது வழக்கம். முன்பெல்லாம் ஆட்கள் தோளில் சுமக்கையில் அது சிதறித் தரைக்குப் போய்விடும். இப்போது மாதா உயரத்தில், கைக்கு எட்டுவதோ பானெட். ஜீப் டிரைவர்கள் உட்கார்ந்த நாலு குழியிலும் உப்பு குவிந்தது. குழி நிறைந்ததும் வழிந்து இரண்டு பக்கமும் மட்கார்டு இடுக்கில் இறங்கியது. நாங்கள் எல்லாவற்றையும் அளந்திருந்தோம். உப்பை அளக்கவில்லை.

கோயில் முக்கு. ஒடித்தேன்.

கரகரகர.

பிரேக்கை மிதித்தேன். பாட்டு பாதியில் நின்றது. “ஐயோ, மாதா நின்னுட்டாகளே” என்று ஒரு குரல் கேட்டது. பக்கக் கண்ணாடியில் ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. பிள்ளையை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தாள். ஒரு டயர் ஆசையில் அவளுடைய வேண்டுதலைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தபோது, அங்கேயே இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது.

“ஆஃப் பண்ணாதீக! ஒடிச்சது ஒடிச்சபடி இருக்கட்டும்!”

இடது ஜன்னலுக்குக் கீழேயிருந்து வந்தது குரல். எட்டிப் பார்த்தால் ‘போச்சு’ அண்ணன், வெள்ளை வேட்டி சட்டையில். ஊர்வலம் புறப்பட்டதிலிருந்து இடது சக்கரத்துப் பக்கம் காதைச் சாய்த்துக் குனிந்தபடியே நடந்து வந்திருக்கிறார். யாரோ வெளியூர்க்காரர், என்ன வேண்டுதலோ என்று ஜனங்கள் வழிவிட்டிருக்கிறார்கள். இப்போது அவர் முட்டி போட்டார். அதைப் பார்த்துப் பக்கத்தில் நின்ற ஏழெட்டுப் பேரும் முட்டி போட்டார்கள்.

அவர் கையை மட்கார்டுக்குள் விட்டுத் துழாவினார். “டயரு இல்ல வாத்தியாரே! உப்பு!” இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் கொட்டினார். மடிப்பில் ஒட்டியிருந்ததை வேட்டி நுனியால் துடைத்து எடுத்தார். “இப்ப ஒடிங்க!”

ஒடித்தேன். மாதா ஒரு சத்தமும் இல்லாமல் திரும்பினார். பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. நான் அழுதுகொண்டே ஓட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டதால் யாருக்கும் கேட்டிருக்காது.

கோயில் வாசலில் அவர் நழுவப் பார்த்தார். ஓடிப்போய்ப் பிடித்தேன். ஸ்பேனர் பிடித்து வெடித்துப்போன உள்ளங்கை, வெடிப்பெல்லாம் உப்பு.

“எரியுதாண்ணே?”

“எரியாம? கை போச்சு.”

ஸ்டெல்லா பக்கத்தில் வந்தாள். பிள்ளையை இறக்கி அவர் முன்னால் நிறுத்தினாள். அவர் பிள்ளையை உச்சி முதல் கால் வரை, வண்டியைப் பார்ப்பதுபோலவே பார்த்தார்.

“போச்சு” என்றார் மெதுவாக.

ஸ்டெல்லாவின் முகம் வெளுத்துவிட்டது.

“பயப்படாத ஆத்தா. நான் மொதல்ல சொல்லிட்டேன்னு வையி, கெட்டது வந்து எட்டிப் பாத்துட்டு, சரி, இங்கன ஏற்கெனவே போச்சு, நமக்கு வேலயில்லன்னு திரும்பிப் போயிரும். இத்தன வருசமா எங்கிட்ட வர்ற வண்டியெல்லாம் எப்படி ஓடுதுங்கிற?”

ஆறு மாதத்துக்கு ஒருமுறை மகளுக்கு மதுரையில் பரிசோதனை. போன வாரமும் போயிருந்தோம். டாக்டர் சிரித்துக்கொண்டே, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். ஸ்டெல்லா ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் புரிந்தது. கூடலூருக்குப் போன் போட்டு, அவளுக்கும் கேட்கும்படி வைத்தேன்.

“அண்ணே, ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாக.”

அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் நின்றது.

“போச்சு” என்றார் அண்ணன்.

ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “வாங்க, வீட்டுக்குப் போவோம்” என்றாள்.