பெல் வக்கீலம்மாவும் என் ரெட்டைப் பின்னலும்

அம்பத்தூருக்கும் பட்டாபிராமுக்கும் நடுவே கணவன்மார்களை நடுங்க வைத்த சத்தம் ஒன்றே ஒன்றுதான். எலெக்ட்ரிக் ரயிலின் ஹாரன் இல்லை, ஃபாக்டரிச் சங்கும் இல்லை. ஆவடியில் பெல் வக்கீலம்மா தன் மேஜை விளிம்பில் திருகி வைத்திருந்த சாதாரண சைக்கிள் பெல். அது ஒருமுறை ஒலித்தால் ஊரையே மிரட்டுகிற ஆசாமியும் கால்மேல் போட்ட காலைக் கீழே இறக்கிவிடுவான்.

அவருக்கு நிஜப் பெயர் ஒன்று உண்டு. வாசலில் போர்டும் உண்டு. யாரும் படித்ததில்லை. ஆட்டோவில் ஏறி "பெல் வக்கீலம்மா ஊடு" என்றால் போதும். பாதி வழியில் டிரைவர் கண்ணாடியில் நம்மைப் பார்த்து, "புள்ளைங்க எத்தினி அண்ணாத்தே?" என்று துக்கம் விசாரிப்பார். புருஷன் பெண்டாட்டி தகராறு தவிர வேறெதற்கும் அந்த வீட்டுக்கு யாரும் போவதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

அந்த சைக்கிள் மணியின் சட்டம் சுலபமானது. பிரிய நினைக்கிற தம்பதிக்குக் குழந்தை இருந்தால், அந்த அறையில் குழந்தையைப் பற்றி மட்டும் பேசலாம். தன்னைப் பற்றிப் பேசினால் ட்ரிங். மாமியாரைப் பற்றி என்றால் ட்ரிங். கல்யாணத்தில் பாயசம் பத்தவில்லை என்றால் ட்ரிங் ட்ரிங். மீசையை முறுக்கிக்கொண்டு உள்ளே போன ஒரு ஃபோர்மேன், மீசை தொங்க வெளியே வந்து, வாசலில் காத்திருந்த எங்களிடம் முறையிட்டார்: "ஒரு வாக்கியம் முடிக்க விடலைங்க!" உள்ளேயிருந்து பதில் வந்தது: "ஒரு வாக்கியத்துலயாச்சும் உன் புள்ள வந்துச்சாப்பா?"

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நானும் அங்கே ஒரு கட்சிக்காரன்தான்.

அப்போது நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். மனைவி வசந்தாவும் நானும் தனித்தனியாகப் பார்த்தால் தங்கமானவர்கள். ஒரே கூரைக்குக் கீழே வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். கடைசியில் வசந்தா, எங்கள் ஏழு வயது ரேவதியைக் கூட்டிக்கொண்டு பட்டாபிராமில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இனிச் சேர்ந்து வாழ முடியாது என்பதில் மட்டும் இருவருக்கும் முழு ஒற்றுமை. ரேவதி யாரிடம் என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்கு டீக்கடையில் வைத்துப் பெட்ரோல் ஊற்றியவன் என்னோடு வேலை செய்த ஆறுமுகம்.

"ஜட்ஜு புள்ளையக் கூப்ட்டு நிக்க வச்சு கேப்பாரு மாமே. அம்மா வேணுமா, அப்பா வேணுமான்னு. அது ஒரு வார்த்த சொல்லிச்சின்னா அவ்ளோதான், மேட்டர் க்ளோஸ்."

"நிஜமாவாடா?"

"எங்க சித்தப்பாக்கு அப்டித்தான் ஆச்சு. அந்த ஆளு இப்ப புள்ளைய ரேஷன் கடை க்யூல பாத்துட்டு டாட்டா காட்டிகினு கீறாரு."

அன்றிலிருந்து தினமும் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். நானே ஜட்ஜாகக் குரலைக் கனமாக்கி, "யார் வேண்டும் குழந்தாய்?" என்று கேட்டேன். நானே ரேவதியாகி வாயைத் திறந்தேன். "அம்மா" என்றுதான் வந்தது. எத்தனை தடவை முயன்றாலும் அதே பதில். என் சொந்த நடிப்பிலேயே நான் தோற்றுக்கொண்டிருந்தேன்.

பெல் வக்கீலம்மாவிடம் ஓடினேன். பருத்த உடம்பு, வெள்ளைப் புடவை, மூக்கு நுனியில் கண்ணாடி. கோர்ட்டில் கறுப்பு அங்கி போட்டால் இங்கிலீஷ் கொட்டும். வீட்டில் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டே வாய்க்குள் இருக்கும்.

"அம்மா, அப்பன்தான் கார்டியன்னு சட்டத்துலயே இருக்காமே! நான் அவளுக்கு என்ன குறை..."

ட்ரிங்.

"சட்டத்துல கீது. ஆனா ஜட்ஜு அத்த மட்டும் பாக்க மாட்டாரு. புள்ளைக்கு எது நல்லதுன்னுதான் பாப்பாரு. நீ புள்ளையப் பத்திச் சொல்லு."

"நான் அவளை ராணி மாதிரி..."

ட்ரிங்.

"நான்லயே ஆரம்பிக்கிறியேப்பா! உன் புள்ள சோத்துல எத்த ஒதுக்கி வைக்கும்? யாரு பக்கத்துல உக்கார்ந்து படிக்கும்? சரி, அத்த வுடு. உனக்கு இன்னா வேணும்?"

"சனி, ஞாயிறு என்கிட்ட இருக்கணும். திங்கக்கிழமை நானே ஸ்கூல்ல கொண்டுபோய் விடுவேன்."

"ஸ்கூலுக்கு ரெட்டப் பின்னல், மடிச்சுக் கட்டி சேப்பு ரிப்பன். திங்கக்கிழம காலைல யாரு பின்றது? கோர்ட்டு வந்து பின்னுமா?"

"அம்மா, நான் ஃபிட்டர்..."

ட்ரிங் ட்ரிங் ட்ரிங்.

"பின்னக் கத்துகினு வா. என் கண்ணு முன்னால பின்னிக் காட்டு. அப்பறம்தான் பெட்டிஷன்."

எந்த வக்கீலாவது கேஸ் எடுக்க இப்படி ஒரு பரீட்சை வைத்துக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? வேறு வக்கீலைப் பார்க்கலாம் என்றால் வசந்தா எனக்கு முன்னாலேயே இவரிடம் வந்து போயிருந்தாள். "சம்மதமாப் பிரியறதுன்னா ரெண்டு பேருக்கும் நான் ஒருத்தியே போதும். சண்டைதான் போடணும்னா வேற ஆளப் பாருங்க" என்று அவளிடமும் சொல்லியிருக்கிறார்.

கம்பெனியில் எண்ணெய் துடைக்கிற காட்டன் வேஸ்ட்டை நீளமாக உருவி, ஒரு முனையை வைஸ் என்கிற இரும்பு இடுக்கியில் கடிக்கவிட்டு முடுக்கி, மூன்று புரியாகப் பிரித்துப் பயிற்சி ஆரம்பித்தேன். மெஷின் ஷாப் முழுக்க வேடிக்கை பார்த்தது.

"இன்னா மாமே, வைஸுக்கு சடங்கா?" என்றான் ஆறுமுகம். "பூ வாங்கியாரட்டா?"

சூப்பர்வைசர் வந்து குனிந்து பார்த்தார். "இது என்ன ஜாப்?"

"ரெட்டைப் பின்னல் சார்."

"டிராயிங் இருக்கா?" என்று கேட்டுவிட்டு, நான் விழிப்பதைப் பார்த்து அவரே ஒரு புரியை எடுத்து, "இடது மேல, வலது மேல. எனக்கு மூணு பொண்ணுய்யா" என்று காட்டிவிட்டுப் போனார்.

பரீட்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வக்கீலம்மா வீட்டுக் கூடத்தில். வசந்தா ஒரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரேவதி என் முன்னால் ஸ்டூலில். நடு வகிடு எடுத்து வாரினேன். பிரித்தேன், பின்னினேன், மடித்துக் கட்டினேன். இரண்டு பக்கமும் ஒரே உயரம். ஒரு நூல் பிசகில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அப்படி ஒரு ஜாப் முடித்ததில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குழந்தையைத் திருப்பினேன்.

ரேவதியின் புருவம் இரண்டும் நெற்றி நடுவில் ஏறி நின்றன. எதையோ பார்த்து அதிர்ந்துபோனவள் மாதிரி விழித்தாள்.

"அப்பா, கண்ணு மூட மாட்டேங்குதுப்பா."

ஃபிட்டர் கை. எதை எடுத்தாலும் இனிமேல் திரும்பாது என்கிற வரைக்கும் முடுக்கித்தான் பழக்கம்.

வக்கீலம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நெத்திகிட்ட தளர்வா விட்டு ஆரம்பிக்கணும். கீழ வரவர இறுக்கினாப் போதும்."

வசந்தா. பல மாதங்களாக எங்களுக்குள் கூச்சல் இல்லாமல் நடந்த முதல் பேச்சு அது. நான் அவிழ்த்தேன்; அவள் எழுந்து வந்து பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல மறுபடி பின்னினேன். ரேவதி கண்ணை மூடிமூடித் திறந்து பார்த்து, "இப்ப மூடுது" என்று அறிவித்தாள். சினிமாவாக இருந்தால் அங்கேயே ஒன்று சேர்ந்திருப்போம். சேரவில்லை. பின்னலைப் பற்றி மட்டும்தான் எங்களால் ஒத்துப்போக முடிந்தது. ஆனால் அங்கேயிருந்து, காய்ச்சல் வந்தால் யார் வீட்டில், தீபாவளிக்கு எங்கே, கோடை விடுமுறையை எப்படிப் பிரிப்பது என்று மத்தியானத்துக்குள் பேசி முடித்துவிட்டோம். பள்ளி நாட்களில் அம்மாவிடம்; சனி, ஞாயிறு என்னிடம்; திங்கட்கிழமை காலை பின்னிவிட்டு ஸ்கூலில் விடுவதும் என் வேலை. அன்றைக்கு மணி ஒருமுறைகூட அடிக்கவில்லை.

பெட்டிஷன் போட்டு, சட்டம் யோசிக்கச் சொன்ன மாதங்களும் கழிந்து, பூந்தமல்லி கோர்ட்டில் கடைசி நாள் வந்தது. ஆறுமுகம் சொன்ன கேள்வி எந்த நிமிடமும் விழப்போகிறது என்று காத்துக்கொண்டு நின்றேன். உங்கள் பெயர் என்ன என்று ஜட்ஜ் கேட்டார். "வசந்தா" என்றேன். வசந்தா என் பெயரைச் சொல்லி என்னைக் காப்பாற்றினாள்.

ஜட்ஜ் எங்கள் ஏற்பாட்டை நிதானமாகப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"குழந்தை எங்கே?"

நான் வக்கீலம்மாவைப் பார்த்தேன்.

வக்கீலம்மா எழுந்தார். "ஸ்கூல்ல இருக்கா, யுவர் ஆனர். இன்னிக்கு அவளுக்குக் கணக்குப் பரீட்சை. திங்கக்கிழமைங்கறதால அப்பாதான் தலை பின்னி அனுப்பியிருக்கார். அம்மா ஸ்கூலுக்கே சோறு கொண்டுபோய்க் கொடுத்திருக்காங்க. கூப்பிட்டுத்தான் ஆகணும்னா கூப்பிடறேன். ஆனா அவகிட்ட கேக்க வேண்டியது எல்லாத்துக்கும் இவங்க ரெண்டு பேருமே பதில் எழுதிட்டாங்க."

ஜட்ஜ் எங்களைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார். "பரீட்சை எழுதட்டும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் வக்கீலம்மா அங்கியைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு படியில் நின்றார். கொலைக் கேஸ் ஜெயித்த பெரிய வக்கீல்களைப் பார்த்திருக்கிறேன்; அவர்கள் யாருக்கும் அப்படி ஒரு நிமிர்வு இருந்ததில்லை.

"என்கிட்ட வந்த புள்ளைங்க ஒண்ணுகூட இந்த கோர்ட்டு வாசப்படி மிதிச்சதில்ல தம்பி" என்றார். "அம்மாவா அப்பாவான்னு கேட்டா, அது எத்தச் சொன்னாலும் ஒருத்தரத் தொலைச்சுட்டோம்னு ஆயுசுக்கும் நெனைச்சிகினே கெடக்கும். பெரியவங்க நாம எதுக்குக் கீறோம்?" சொல்லிவிட்டு, பெரிய படை ஒன்றைப் பின்னால் நடத்திப் போகிறவர் மாதிரி தனியாக பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தார்.

ரேவதி இப்போது காலேஜில் படிக்கிறாள். இரண்டு வீட்டிலும் அவளுக்கு அலமாரி உண்டு, இரண்டு வீட்டிலும் அவளுடைய அதட்டல்தான். அந்தக் கேள்வியை அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. என்ன பதில் சொல்லியிருப்பாள் என்பது எனக்குத் தெரியாது. வசந்தாவுக்கும் தெரியாது. ரேவதிக்கே தெரியாது. அப்படிப் பார்த்துக்கொண்டார் எங்கள் வக்கீலம்மா.